குளிர்ப் பட்டறையில் மரம் அசையாமல் இருக்க: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மூணாறு, வட்டவடை, மறையூர், செங்கோட்டை என்று கேரள எல்லையின் இரு பக்கங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பல, வெவ்வேறு சொற்களில் ஒரே குறையைத்தான் சொல்கின்றன: பட்டறையில் கச்சிதமாகப் பொருந்திய மரவேலை, வீட்டுக்குப் போன பிறகு சுருங்குகிறது, உப்புகிறது, முறுக்கிக்கொள்கிறது. ஆகவே இம்முறை பகுதி முழுவதும் அதற்கே ஒதுக்கப்படுகிறது.

கேள்வி: மூணாறில் சிறிய தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். ஆடி மாதத்தில் போடிநாயக்கனூரில் ஒரு வீட்டுக்குத் தேக்கில் அலமாரி செய்து அனுப்பினேன். இங்கே இம்மியும் இடைவெளி இல்லாமல் இருந்த கதவுப் பேனல்கள் பங்குனிக்குள் சுருங்கிவிட்டன. ஒன்று நடுவில் வெடித்தும்விட்டது. நம் ஊர்க் குளிர்தான் காரணமா? பேனல்களை இன்னும் இறுக்கமாகப் பொருத்தியிருக்க வேண்டுமா?
(வாசகர், மூணாறு)

பதில்: குளிர் நேரடிக் காரணம் அன்று. இரும்பைப் போல மரமும் வெப்பத்தால் விரியும் என்றாலும், அந்த அளவு தச்சு வேலையில் கணக்கில் கொள்ள வேண்டாத அளவுக்குச் சிறியது. மரத்தை அசைப்பது ஈரம். மழை நாளில் அப்பளம் நமுத்துப்போவதைப் போல, அறுத்துக் காயவைத்த மரமும் தன்னைச் சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்ப நீரை ஏற்றுக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கிறது. நூறு ஆண்டு பழைய உத்தரமும் இதற்கு விலக்கன்று. காற்றின் ஈரப்பதம் 85 சதவீதமாக நீடித்து நிற்கும் அறையில் கிடக்கும் மரம், நாளடைவில் ஏறத்தாழ 18 சதவீத ஈரத்தில் (மரத்தின் உலர்ந்த எடையோடு ஒப்பிட்ட நீரின் எடை) வந்து நிற்கும். அதே மரம் 50 சதவீத ஈரப்பதமுள்ள அறைக்குப் போனால் 9 சதவீதத்துக்கு இறங்கும்.

குளிருக்கு இதில் மறைமுகமான பங்கு உண்டு. குளிர்ந்த காற்றால் அதிக நீராவியைத் தாங்க முடியாது. ஆகவே கொஞ்சம் நீராவி இருந்தாலே ஈரப்பதம் உயர்ந்துவிடுகிறது. 10 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் கொண்ட காற்றை, நீர் எதுவும் சேர்க்காமல் 20 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் 42 சதவீதமாகக் குறைந்துவிடும். காற்றில் உள்ள நீரின் அளவு மாறவில்லை; ஆனால் மரத்தைப் பொறுத்தவரை அது வேறொரு காற்று. ஆடி மாத மழையிலும் மூடுபனியிலும் உங்கள் பட்டறையில் கிடந்த தேக்கு, ஈரத்தால் உப்பிய நிலையில்தான் அளந்து அறுக்கப்பட்டிருக்கிறது. போடிமெட்டு இறங்கி வெயில் காயும் சமவெளிக்குப் போனதும், அது அந்த ஊர்க் காற்றுக்கு ஏற்பத் தன் ஈரத்தை விட்டுவிட்டது.

எவ்வளவு சுருங்கும் என்பதைக் கணக்கிடலாம். கணக்கிடாமல் பேனல் வெட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மரம் நீளவாக்கில் அநேகமாக அசைவதே இல்லை. அகலவாக்கில் அசைவது, பலகை எப்படி அறுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. பலகையின் முனையைப் பாருங்கள். வளையக் கோடுகள் பலகையின் முகத்துக்கு இணையாகப் படுத்திருந்தால் அது அலைவரிப் பலகை. செங்குத்தாக நின்றால் நேர்வரிப் பலகை. தேக்கில் 300 மில்லிமீட்டர் அகலமுள்ள அலைவரிப் பலகை, ஈரம் ஒரு சதவீதம் குறையும்போது அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகச் சுருங்கும்; நேர்வரிப் பலகை 0.3 மில்லிமீட்டர்தான் சுருங்கும். 18 சதவீதத்திலிருந்து 9 சதவீதத்துக்கு இறங்கினால் முன்னதில் 5 மில்லிமீட்டர், பின்னதில் 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. இத்தனைக்கும் தேக்கு குறைவாக அசையும் மரங்களில் ஒன்று. உங்கள் மலையில் எங்கும் நிற்கும் கிராண்டிஸ் யூக்கலிப்டஸைப் பலகையாக்கினால் சுருக்கமும் முறுக்கமும் இதைவிட அதிகத் தொல்லை தரும். அகலமான பேனலுக்கு அதை எடுக்கவே வேண்டாம்.

இன்னும் இறுக்கமாகப் பொருத்தியிருக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். இறுக்கமாகப் பொருத்தியதால்தான் ஒரு பேனல் வெடித்தது. சட்டத்தின் காடிக்குள், அதாவது பேனலின் ஓரத்தைச் செருக வெட்டிய பள்ளத்துக்குள், தடையின்றி நிற்கும் பேனல் சுருங்கும், வெடிக்காது. வெடித்திருக்கிறது என்றால், அதன் இரண்டு ஓரங்களும் எங்கோ பிடிக்கப்பட்டிருக்கின்றன. காடியில் பசை வைத்திருக்கலாம், சுற்றிலும் ஆணி அடித்திருக்கலாம்; இரண்டும் இல்லையென்றால், பூட்டிய பிறகு அடித்த வார்னிஷ் காடிக்குள் வழிந்து பேனலை ஒட்டியிருக்கும். மூன்றாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. பேனலைத் தனியாக, ஓரங்கள் உட்பட மெருகேற்றி, அது நன்றாகக் காய்ந்த பிறகே சட்டத்துக்குள் செருக வேண்டும். இதனால் இன்னொரு நன்மையும் உண்டு: பிறகு பேனல் சுருங்கும்போது, காடிக்குள் மறைந்திருந்த ஓரம் வெளுத்த கோடாகத் தெரியாது.

பேனலைப் பிடிக்க வேண்டிய இடம் ஒன்றுதான்: மேலும் கீழும், அகலத்தின் சரிபாதியில், ஒவ்வொரு சிறிய முளை. அப்போது அது நடுவிலிருந்து இரு பக்கமும் சமமாகச் சுருங்கும், விரியும். காடியின் ஆழத்தைப் பருவத்தைப் பார்த்துத் தீர்மானியுங்கள். மழைக் காலத்தில் பூட்டும் பேனல் ஏற்கெனவே உப்பியிருப்பதால், ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் போதும். ஆனால் அது சுருங்கிய பிறகும் காடிக்குள் 6 மில்லிமீட்டராவது நிற்கும்படி காடியை 12 மில்லிமீட்டர் ஆழத்துக்கு எடுக்க வேண்டும். மாசி, பங்குனியில் பூட்டும் பேனல் மழையில் விரியப்போகிறது. அதற்கு இடைவெளியைக் கூட்ட வேண்டும். இரண்டு பருவத்துக்கும் ஒரே அளவை வைத்துக்கொண்டு வேலை செய்வதுதான் மலையூர்ப் பட்டறைகளில் நான் காணும் பெரிய குறை.

இதே விதி சட்டத்துக்கும் பொருந்தும். 200 மில்லிமீட்டர் அகலமுள்ள நடுச்சட்டத்துக்கு ஒரே அகலமான கழுந்து (துளைக்குள் செருகும் நாக்கு) வெட்டிப் பசை வைத்தால், நிமிர்ந்து நிற்கும் நெடுஞ்சட்டம் அசையாமல் நிற்க, கழுந்து குறுக்கே சுருங்கி, பசை விட்டுப்போகும் அல்லது கழுந்து கீறும். அதை இரண்டு சிறிய கழுந்துகளாகப் பிரித்து, நடுவில் இடம் விட்டு வெட்ட வேண்டும். மேசைப் பலகையைக் கால்சட்டத்தோடு பிணைக்கும்போது, திருகாணித் துளைகளைப் பலகையின் அகலவாக்கில் நீள்துளைகளாக எடுக்க வேண்டும்.

இனி, மரத்தைத் தயாரிக்கும் முறை. ஈரத் தளத்திலிருந்து ஓர் அடியாவது உயரத்தில், பலகைகளுக்கிடையே ஒரே கனமுள்ள ரீப்பர் துண்டுகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக, ஒன்றின் மேல் ஒன்று நேராக வரும்படி வைத்து அடுக்குங்கள். ரீப்பர் விலகி நின்றால் பலகை அந்த வளைவிலேயே காய்ந்துவிடும். முனைகளில் மெழுகோ பெயிண்டோ பூசுங்கள்; முனை வழியாக ஈரம் முகத்தைவிடப் பல மடங்கு வேகமாக வெளியேறுவதால்தான் முனைகள் முதலில் வெடிக்கின்றன. அடுக்கிலிருந்து ஒரு துண்டை எடுத்து, வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் நிறுத்து, எடையை அந்தத் துண்டின் மேலேயே பென்சிலால் எழுதிவையுங்கள். எடை மாறாமல் நின்றால், மரம் அந்த இடத்தின் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். அந்த இடம் உங்கள் பட்டறையாக மட்டும் இருந்தால் போதாது. போடிக்கு அனுப்பும் வேலையென்றால், பலகைகளைத் தோராய அளவில் வெட்டி, சில வாரங்கள் போடியிலேயே, முடிந்தால் அந்த வீட்டிலேயே அடுக்கிவைப்பது சிறந்த வழி. அது முடியாதபோது, பட்டறைக்குள் சிறிய அறை ஒன்றை மட்டும் உலர்ந்ததாக வைத்துக்கொள்வது அடுத்த வழி. அதைப் பற்றி அடுத்த கேள்வியில் பார்ப்போம்.

தோராயமாக வெட்டிய பலகையைச் சில நாள் விட்டுவைத்த பிறகே இறுதி அளவுக்கு இழைக்க வேண்டும். இழைக்கும்போது இரு முகங்களிலிருந்தும் ஏறத்தாழச் சமமாக எடுங்கள். இழைத்த பலகையை வேலைமேசையின் மேல் இரவு முழுவதும் படுக்கவைத்துவிட்டுப் போகாதீர்கள்: மேல்முகம் மட்டும் காற்றைப் பார்க்கும், கீழ்முகம் பார்க்காது, காலையில் பலகை குழிந்திருக்கும். நிறுத்திவையுங்கள், அல்லது ரீப்பர் மேல் வையுங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மிக அகலமான தட்டையான பேனல்தான் வேண்டும், அதுவும் அசையவே கூடாது என்று வீட்டுக்காரர் விரும்பினால், அங்கே நல்ல பிளைவுட் பயன்படுத்துவது தரக்குறைவு அன்று. ஒன்றன் குறுக்காக ஒன்று ஒட்டிய அடுக்குகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் அதன் அசைவு மிகக் குறைவு.

கேள்வி: வட்டவடையில் பட்டறை. மார்கழி, தையில் கை விறைக்கிறது. கேஸ் ஹீட்டர் வாங்கி வைத்தால் எனக்கும் சூடு கிடைக்கும், மரமும் உலரும் அல்லவா?
(வாசகர், வட்டவடை)

பதில்: உங்களுக்குச் சூடு கிடைக்கும், மரத்துக்கு நன்மை கிடைக்காது. புகைக்குழாய் இல்லாத கேஸ் ஹீட்டரில் எரியும் ஒவ்வொரு கிலோ சமையல் வாயுவும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவியை அறைக்குள்ளேயே விடுகிறது. மூடிய அறையில் மூச்சுக்கு ஏற்படும் ஆபத்து இதைவிடப் பெரிது, கரியடுப்பும் அப்படித்தான். புகையை வெளியே கொண்டுபோகும் குழாயுள்ள விறகடுப்போ மின் ஹீட்டரோ பொருத்தமானவை. மரத்தூளும் இழைப்புச் சுருளும் அடுப்பின் அருகே சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பட்டறை முழுவதையும் பகலில் சூடாக்கி, இரவில் குளிரவிடுவதால் மரத்துக்கு ஒரு நிலையும் கிடைப்பதில்லை. சூடான அடுப்புக்கு அருகே தடித்த பலகையை வைத்தால், மேற்பரப்பு மட்டும் வேகமாக உலர்ந்து சுருங்க, உட்பகுதி ஈரமாகவே இருக்க, முகத்தில் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். ஆகவே வேலை செய்யும் இடத்தை உங்களுக்காகச் சூடாக்குங்கள். மரத்துக்குத் தனியாக ஒரு சிறிய தடுப்பறை அமையுங்கள். பிளைவுட் அடைப்பு, கீழே ஒரு காற்றுத்துளை, மேலே ஒரு காற்றுத்துளை, அடியில் எதுவும் தொடாதபடி கம்பிக்கூண்டுக்குள் ஒரு குண்டு பல்பு. சிறிய அடைப்புக்கு இதுவே போதும். வெளியைவிட உள்ளே சில டிகிரி கூடுதலாக, இரவும் பகலும் ஒரே சீராக நின்றால் ஈரப்பதம் தானே இறங்கும். ஈரம் உறிஞ்சும் கருவி வாங்குவதாக இருந்தால் கவனம் தேவை: கம்ப்ரஸர் வகை, 15 டிகிரிக்குக் கீழே சுருளில் பனி படிந்து சரியாக வேலை செய்யாது, உறிஞ்சுபொருள் வகைதான் குளிருக்கு ஏற்றது.

மார்கழி, தைக் குளிரையும் ஆடிக் குளிரையும் ஒன்றாக எண்ண வேண்டாம். தை மாதத்தில் விடியலில் புல்லில் உறைபனி வெளுத்திருந்தாலும், பகல் வெயிலில் காற்று நன்றாக உலர்ந்துவிடுகிறது. கைக்குக் கடினமான அந்த மாதங்கள்தாம் மரத்துக்கு நல்ல மாதங்கள்.

கேள்வி: குளிர்காலத்தில் ஒட்டிய பலகை இணைப்புகள் கையால் தட்டினாலே பிரிகின்றன. பிரிந்த இடத்தில் பசை சுண்ணாம்புப் பொடிபோல் வெள்ளையாக இருக்கிறது. பசை கெட்டுவிட்டதா?
(வாசகர், தேவிகுளம்)

பதில்: பசை கெட்டிருக்க வேண்டியதில்லை, அது சேர வேண்டிய வெப்பநிலை கிடைக்கவில்லை. நாம் அனைவரும் பயன்படுத்தும் வெள்ளைப் பசை, நீரில் மிதக்கும் நுண்துகள்களால் ஆனது. நீர் மரத்துக்குள் போனதும் துகள்கள் ஒன்றோடொன்று இளகிச் சேர்ந்து கண்ணாடிபோல் தெளிவான படலமாக வேண்டும். குளிர் அதிகமானால் அவை இளகுவதில்லை, பொடியாகவே உலர்கின்றன. நீங்கள் கண்ட வெண்மை அதுதான். பசைக்குப் பசை வரம்பு மாறும். பட்டறையில் 10 டிகிரிக்குக் கீழே ஒட்டும் வேலையைத் தவிர்ப்பது பாதுகாப்பு.

காற்றைச் சூடாக்கினால் மட்டும் போதாது. தடித்த சட்டம் சூடேற வெகுநேரம் ஆகும். அறை இதமாக இருக்கும்போதும் மரத்தின் உள்ளே முந்தைய இரவின் குளிர் இருக்கும். ஒட்ட வேண்டிய துண்டுகளை முந்தைய நாளே சமையலறையில் வையுங்கள். பசைப் புட்டியை வெதுவெதுப்பான நீரில் நிறுத்துங்கள். கிளாம்பைக் கழற்ற அவசரப்படாமல், ஒட்டிய துண்டை அன்று இரவும் இதமான இடத்தில் விடுங்கள். பிரிந்த இணைப்பில் புதுப் பசை பூசினால் நிற்காது. பழைய பசையை உளியால் சுரண்டி, மர முகம் தெரியும்வரை எடுத்த பிறகே மீண்டும் ஒட்ட வேண்டும்.

ஈரத்தோடு தொடர்புள்ள இன்னொன்று: பசையின் நீரால் இணைப்பின் இரு பக்கமும் மரம் சற்று உப்பும். உப்பியிருக்கும்போதே இழைத்து மட்டமாக்கிவிட்டால், நீர் வெளியேறிய பிறகு இணைப்பு நெடுகிலும் மெல்லிய பள்ளம் விழும். பகலில் தெரியாத அந்தப் பள்ளம், மெருகேற்றியபின் சாய்ந்த வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். குளிர்ப் பட்டறையில் ஒட்டியதற்கும் இழைப்பதற்கும் இடையே சில நாள் விடுங்கள்.

கேள்வி: ஈரமானி வாங்கினேன். காலையில் ஒரு பலகையில் 11 காட்டுகிறது. அதே பலகையை வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் 12 காட்டுகிறது. உலரும்போது ஈரம் எப்படிக் கூடும்?
(வாசகர், மறையூர்)

பதில்: ஈரம் கூடவில்லை. ஊசி வகை ஈரமானி அளப்பது மரத்தின் மின்தடையை. குளிர்ந்த மரத்தில் மின்தடை கூடுவதால் கருவி உண்மையைவிடக் குறைவாகக் காட்டுகிறது. அவை பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டிய வெப்பநிலைக்கு அமைக்கப்படுகின்றன. மரம் அதைவிட 10 டிகிரி குளிர்ந்திருந்தால் ஏறத்தாழ ஒரு சதவீதத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். மரத்துக்கு மரமும் அளவு மாறும். கருவியோடு வரும் அட்டவணையைப் பாருங்கள்.

பட்டறைச் சுவரில் மாட்டியுள்ள ஈரப்பதக் காட்டியையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒரு புட்டி மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் களிபோல் ஆகும்வரை மட்டும் நீர் விட்டு, காட்டியையும் அதையும் காற்றுப் புகாத டப்பாவுக்குள் ஓர் இரவு மூடிவையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். காட்டி 70 என்றால், அது எப்போதும் 5 குறைத்துச் சொல்கிறது என்று சுவரில் எழுதிவையுங்கள்.

கேள்வி: சாரல் காலம் வந்தால் வாசல் கதவு நிலையில் பிடிக்கிறது. ஆண்டுதோறும் இழைத்துவிடுகிறோம், வெயில் காலத்தில் இடைவெளியில் பல்லி நுழைகிறது. சுற்றிலும் வார்னிஷ் அடித்தால் நிற்குமா?
(வாசகி, செங்கோட்டை)

பதில்: ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் வரும் மாதங்களில் உங்கள் ஊர்க் காற்று மலையூர்க் காற்றுக்குச் சமம். அப்போது இழைத்தால், விரிந்த கதவின் அளவுக்கு இழைக்கிறீர்கள். காய்ந்தபின் இடைவெளி வரத்தான் செய்யும். பிடிக்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துவைத்து, சாரல் ஓய்ந்து கதவு ஓரளவு உலர்ந்த பிறகு, அந்தக் குறியை மீறாமல் கொஞ்சமாக இழையுங்கள்.

வார்னிஷோ பெயிண்டோ ஈரத்தை நிறுத்துவதில்லை, மெதுவாக்குகிறது. அதுவே பெரிய உதவி. ஒரு நாள் மழையும் அடுத்த நாள் வெயிலும் மாறிமாறி வரும்போது, மெதுவாக ஈரம் ஏற்கும் கதவு அந்த ஏற்ற இறக்கங்களைக் காண்பதே இல்லை. நீண்ட பருவ மாற்றத்துக்கு மட்டுமே அசைகிறது. ஆனால் ஆறு பக்கமும் பூச வேண்டும். ஒரு முகத்தில் மூன்று பூச்சும் மறு முகத்தில் ஒன்றும் இருந்தால் கதவு வளையும். வாசல் கதவுகளில் அநேகமாக எப்போதும் பூசாமல் விடப்படுவது அடிவிளிம்பு. நெடுஞ்சட்டத்தின் வெட்டுமுனை அங்கேதான் இருக்கிறது, கழுவிவிடும் நீரும் அங்கேதான் ஏறுகிறது. கதவைக் கீலிலிருந்து இறக்கி, நன்றாக உலரவிட்டு, அடிவிளிம்பிலும் மேல்விளிம்பிலும், இழைத்த இடத்திலும், முனை மரம் உறிஞ்சி நிறையும்வரை இரண்டு மூன்று முறை பூசிய பிறகு மாட்டுங்கள்.